கத்தீவா என்று என்னை அழைத்தவர்

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு மடத்துத் தலைவி சொன்னார்: "உள்ள போனதும் பூட்டிக்கங்க டீச்சர். சாவியக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி வைக்காதீங்க. பெரிய சிஸ்டர் பாத்துட்டா விடமாட்டாங்க."

டீச்சர் என்று அவர் சொன்னது பழக்கத்தில். கொடைக்கானலில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அதே வருடம்தான் என் கணவர் பேத்துப்பாறையில் என் அண்ணன் தோட்டத்துப் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, கூடவும் இல்லை. இன்னொரு தடவை அறுவை செய்ய வேண்டும், அதற்கு முன்னால் சர்க்கரை இறங்க வேண்டும் என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை இறங்குவேனா என்றது. இருபத்திரண்டு வருடம் மலைப்பாதையில் வேன் ஓட்டியவர், ஒரு கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

இந்த நிலைமையில்தான் கன்னியர் மடத்தில் ஒரு வயதான சிஸ்டரைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பகலில் கணவரை என் நாத்தனார் பார்த்துக்கொண்டார். காலை எட்டு மணிக்கு மடத்து அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன். ஐந்து மணிக்குத் திறந்து வீட்டுக்குப் போவேன். வீட்டில் பூட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் அழைத்த அவருக்கு எண்பத்தொன்பது வயது. இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவில் பிறந்தவர். இருபத்துநான்கு வயதில் கப்பலேறி வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வட்டக்கானல், பேத்துப்பாறை என்று இறங்கி ஏறி வைத்தியம் பார்த்தவர். பேத்துப்பாறையில் எனக்கே ஊசி போட்டிருக்கிறார். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ் இல்லை, எங்கள் தமிழ். "ஏலே, வெரசா வா, எனக்கு வேற சோலி கெடக்கு" என்று அவர் அதட்டினால் முகத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊர்க்காரி என்றே நினைப்பார்கள்.

அந்தத் தமிழ் போய்விட்டது. முதலில் ஆங்கிலம் போனது, பிறகு தமிழ். கடைசியில் சின்ன வயதில் வீட்டில் பேசிய பேச்சு மட்டும் மிஞ்சியது. அதைப் புரிந்துகொள்ள அந்த மடத்தில் ஒருவரும் இல்லை. மூன்று முறை யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விட்டார். மூன்றாவது முறை மூடுபனியில் வட்டக்கானல் சாலையில் ஒரு காட்டெருமைக்குப் பத்தடி தள்ளி நின்றவரை ஒரு பால்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அன்று மாட்டியது அந்தப் பூட்டு.

முதல் நாள் நான் உள்ளே போனபோது அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பூட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கத்தீவா" என்றார்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் பத்துப் பதினைந்து தடவை சொல்லிவிட்டார். சோறு ஊட்டும்போது, தலை சீவும்போது, நான் ஜன்னலைச் சாத்தப் போகும்போது. கோபமாகவும் இல்லை, அன்பாகவும் இல்லை. எதிரே இருக்கும் பொருளின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் அசந்து தூங்கியதும் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தேன். கெட்டவள் என்று வந்தது.

வயதானவர்கள் சொல்வதைப் பெரிதாக எடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பூட்டிய அறைக்குள் ஒன்பது மணி நேரம் ஒருவர் நம்மைக் கெட்டவள், கெட்டவள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், மூன்றாம் நாள் அது உண்மைதானோ என்று தோன்ற ஆரம்பிக்கும். சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் கதவருகே போய்ப் பூட்டைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பார். நான் புத்தகம் படிப்பதுபோல இருப்பேன். கெட்டவள் இல்லாமல் வேறு யார்?

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பாட்டு. கஞ்சி சூடாக இருந்தால் தட்டு பறக்கும், ஆறியிருந்தாலும் பறக்கும். "இவ்வளவு நேரம் எங்க சுத்திட்டு வார?" என்பார் கணவர். இத்தனை வருடத்தில் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாத மனிதர் அவர். பயணிகள் வாந்தி எடுத்தால்கூடச் சிரித்துக்கொண்டே வேனைக் கழுவியவர். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் சொல்லி அழுதேன்: "நல்ல மனுசன்க்கா. படுக்கையில விழுந்ததும் கெட்டவரா மாறிட்டாரு."

காலையில் மடத்துக் கோயிலில் பூசை முடித்துவிட்டு, பெரிய சிஸ்டருக்கு நன்மை என்னும் பூசை அப்பத்தைக் கொடுக்க ஒரு சாமியார் வருவார். திண்டுக்கல் பக்கத்துக்காரர், வேகமாகப் பேசுகிறவர். குருமடத்தில் லத்தீன் படித்தவர் என்று தெரிந்ததும் ஒருநாள் கேட்டேன்.

"சாமி, இவங்க என்னைய கத்தீவான்னு சொல்றாங்க. கெட்டவள்னு அர்த்தமாம்."

"ஆமாங்க, இத்தாலியன்ல அப்பிடித்தான்" என்றார் அவர், கொஞ்சமும் இரக்கமில்லாமல். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆனா அது ஆரம்பத்துல கெட்ட வார்த்தை இல்லீங்க டீச்சர். லத்தீன்ல காப்தீவுஸ்னா கைதி. சண்டையில பிடிபட்டவன். பழைய ஞானிகளெல்லாம் பாவியைப் பிசாசோட கைதின்னு எழுதினாங்க. சொல்லிச் சொல்லிப் பிசாசு உதிர்ந்துபோச்சு, கைதி மட்டும் நின்னான். கைதின்னாலே கெட்டவன்னு ஆயிருச்சு."

"பிடிச்சது பிசாசு. கெட்டவன் இவனா?"

"ஊரு அப்பிடித்தானேங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மடத்து மாடியில் பழைய வெள்ளைக்கார சிஸ்டர்கள் விட்டுப்போன அகராதிகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. தலைவியிடம் கேட்டு, தினம் ஒன்றாகக் கீழே எடுத்து வந்தேன். பெரிய சிஸ்டர் மத்தியானம் தூங்கும் நேரத்தில், மடியில் தலையணை போட்டு அதன்மேல் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு சொல்லின் பின்னாலேயே போனேன். பதினேழு வருடம் பிள்ளைகளுக்கு அகராதி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள், எனக்காக அகராதி பார்த்தது அப்போதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் அதே காப்தீவுஸை எடுத்து ஷெதீஃப் என்று ஆக்கியிருந்தார்கள். அங்கே அதற்குக் கெட்டவன் என்று பொருள் இல்லை, நோஞ்சான், வற்றிப்போனவன். சிறையில் கிடந்தவன் எப்படி வெளியே வருவான் என்று பார்த்தவர்கள் வைத்த பெயர் போலிருக்கிறது. ஸ்பானிய மொழியில் கௌதீவோ இன்னும் கைதியாகவே இருந்தான். போர்ச்சுக்கீசியத்தில் கதிவார் என்றால் மனத்தைக் கவர்வது, ஆளை அன்பால் கட்டிப்போடுவது. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் இரண்டு தடவை வந்திருந்தது. முதலில் பிரெஞ்சுக்காரர்கள் வாய்வழியே கேய்டிஃப் என்று வந்து கோழை, கயவன் என்று ஆனது. பின்னால் புத்தகம் வழியாக கேப்டிவ் என்று வந்து மறுபடியும் கைதியானது. அதை நான் எத்தனையோ வருடம் பலகையில் எழுதியிருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு கெட்டுப்போன அண்ணன் இருப்பது தெரியாமல்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது காபெரே என்ற வினை. பிடித்தல். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நமக்கும் அதுதானே. போலீஸ் பிடிக்கும், பேய் பிடிக்கும், சளி பிடிக்கும், ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பிடித்திருக்கிறதா என்று என் அம்மா கேட்டார். பிடிச்சிருக்கு என்று சொன்னேன். யாரை யார் பிடித்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் தட்டு பறந்தபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. பொறுமை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே, இந்த ஆளைப் பிடித்து வைத்திருப்பது எது என்று மட்டும் ஒரு யோசனை ஓடியது. கெட்டவர் ஆகிவிட்டார் என்று நான் ஊரில் சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் மறுபடி கோபம் வந்தது. அதுவும் உண்மை.

ஒரு மாதம் கழித்து, இத்தாலியில் இருக்கும் தங்கள் தலைமை மடத்துக்கு வீடியோவில் பேச ஏற்பாடு செய்தார் தலைவி. பெரிய சிஸ்டர் என்ன கேட்கிறார், எங்கேயாவது வலிக்கிறதா என்று அவர் மொழியிலேயே விசாரிக்கலாம் என்ற எண்ணம். மழை பெய்தால் எங்கள் ஊரில் சிக்னல் வராது. மூன்று நாள் தள்ளிப்போய், நாலாம் நாள் காலையில் ஒரு சிஸ்டரின் முகம் திரையில் வந்தது. அவருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். இத்தாலியனில் ஏதேதோ கேட்டார். பெரிய சிஸ்டர் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "கத்தீவா" என்றார். அப்புறம் நீளமாக ஏதோ சொன்னார்.

அந்த சிஸ்டருக்குச் சங்கடம். "மன்னிக்க வேண்டும், அவர் தங்களைக் கெட்டவர் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தெரியும் என்றேன். "மற்றது எனக்கே சரியாகப் புரியவில்லை, அவர் தீவுப் பேச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஏப்ரன் கட்டிய ஒரு வயதான சிஸ்டர், சமையலறையிலிருந்து வந்தவர் போல, திரைக்குள் தலையை நீட்டினார். இருவரும் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். சமையல்காரச் சிஸ்டர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். அவரும் அந்தத் தீவில் பிறந்தவராம்.

ஆங்கிலம் தெரிந்தவர் திரும்பினார். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் தீவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். புருஷன் செத்தவள். அந்தக் காலத்தில் புருஷன் போனால் பெண் கறுப்புக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பாளாம், கைதி மாதிரி. அதனால் அந்தப் பெயர். நீங்கள் கறுப்புப் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? 'கறுப்புக் கட்டிய விதவை வந்துவிட்டாள், அம்மா வந்துவிட்டாள்' என்கிறார். தன் அம்மா என்று உங்களை நினைக்கிறார்."

நான் தினம் போட்டுக்கொண்டு போவது ஒரு கறுப்புக் கம்பளி ஸ்வெட்டர், மேலே ஒரு கறுப்புச் சால்வை. குளிருக்குத்தான். பெரிய சிஸ்டருக்கு மூன்று வயதாக இருக்கும்போது தகப்பன் கடலில் மூழ்கிப் போய்விட்டார் என்று மடத்துப் பதிவேட்டில் இருந்ததாகத் தலைவி அப்புறம் சொன்னார்.

தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க டீச்சர், உங்கள அம்மான்னு..." என்றார். எனக்கு அது காதில் விழவில்லை. ஒரு மாதமாக, தினம் நாற்பது தடவை, என்னைத் தாலியறுத்தவள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நானும் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். வீட்டிலோ மனிதர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். கெட்டவள் என்பதை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. படித்தவள்தான், மூடநம்பிக்கை கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்தவள்தான். இருந்தாலும் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைத் தொட்டது.

மறுநாள் கறுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் நாத்தனாரின் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன்.

பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்தார். பேசவில்லை. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டார். பத்து மணிக்கு எழுந்து கதவருகே போய் நின்றார். கட்டைவிரலால் பூட்டைத் தடவவில்லை. உள்ளங்கையால் கதவைத் தட்ட ஆரம்பித்தார். மெதுவாக, நிறுத்தாமல். அப்புறம் அழுதார். குழந்தை அழுவதுபோல, மூக்கைத் துடைக்காமல். நான் பிடித்து உட்காரவைத்தால் யாரோ அந்நியர் தொட்டதுபோலச் சுருங்கினார். மூன்று நாள் இப்படி. மூன்று நாளும் அவர் சாப்பிட்டது நாலு ஸ்பூன் பால்.

மூன்றாம் நாள் மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தம்மா கணக்குல நான் போய்ச் சேந்துட்டேன்" என்றார்.

"சும்மா இருங்க."

"பொய்யில்லையே. கெடக்குறதப் பாத்தா அப்பிடித்தான இருக்கு."

"இப்பிடிப் பேசுனா நான் நாளைக்கே நின்னுருவேன்."

பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். "இந்தா, அந்தக் கறுப்பப் போட்டுட்டே போ. அந்தம்மாவுக்கு ஆத்தா வேணும்ல. சொன்னா நான் செத்தா போவேன்? பேரிக்காய் மரத்துலருந்து விழுந்தே சாகல." சொல்லிவிட்டுச் சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்ததில் இடுப்பு வலித்து, வலியில் என்னைத் திட்டினார்.

மறுநாள் கறுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும், "கத்தீவா" என்றார். "வந்துட்டேன்" என்று தமிழில் சொன்னேன். கஞ்சி முழுவதும் குடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லைக் கேட்டேன். ஒருநாளும் பழகவில்லை. விதவை என்று நாம் சொல்வது வடமொழியிலிருந்து வந்தது, லத்தீனின் விதுவா என்ற சொல் அதற்குத் தூரத்து உறவு என்று பின்னால் ஒரு அகராதியில் பார்த்தேன். அதைப் பார்த்த அன்று சந்தோஷப்படவும் முடியவில்லை.

கதவைத் திறந்து அவரை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று தலைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "விழுந்துட்டா யாரு பதில் சொல்றது டீச்சர்?" என்பார். நியாயமான கேள்விதான். நானும் கேட்பதை விடவில்லை. கடைசியில் வெயில் அடித்த ஒரு காலையில், அரை மணி நேரம், மடத்துத் தோட்டத்துக்குள் மட்டும் என்று விட்டார்.

கேரட் பாத்தி ஓரமாக என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதிப் பாதையில் பனி இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் அது சொல்லிக்கொண்டு வராது. எதிரே இருந்த வேலி தெரியவில்லை. திரும்பலாம் என்று பார்த்தால் பாதையில் ஒரு காட்டெருமை நின்றது. பெரிய ஆண். மூச்சு புகையாக வந்தது. பக்கத்தில் விறகு அடுக்கும் தகரக் கொட்டகை. அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தட்டியைச் சாத்தினேன். தட்டி என் இடுப்பு உயரம்தான். எருமை நகர்ந்து வந்து கொட்டகை வாசலிலேயே மேய ஆரம்பித்தது.

கூப்பிட்டால் அது மிரளும். கைப்பேசி அறையில் இருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும். விறகுக் கட்டைமேல் அவரை உட்காரவைத்து, சால்வையின் பாதியை அவர்மேல் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய நெஞ்சு என் கையில் துடித்தது. பயந்தது நான்தான். அவர் முகத்தில் அறையில் இருந்த பதற்றம் எதுவும் இல்லை. எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தட்டிமேல் மூக்கை வைத்தபோது திடீரென்று எழுந்து கையை ஓங்கினார்.

"போ ஏலே! ஒனக்கு வேற சோலி இல்ல?"

தமிழில்தான். நான் எருமையை மறந்துவிட்டு அவரைப் பார்த்தேன். எருமை தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அவசரமே இல்லாமல், பனிக்குள் போனது. "சிஸ்டர், இன்னொரு தடவை சொல்லுங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அவர் என் சால்வையைத் தடவிக்கொண்டு, தன் தீவுப் பேச்சில் ஏதோ முணுமுணுத்தார். அவ்வளவுதான். அதன்பின் தமிழ் வரவே இல்லை.

எங்களைத் தேடி வந்த தலைவி என்னை அன்று திட்டிய திட்டு கொஞ்சமில்லை. அதற்குப் பிறகு தோட்டம் கிடையாது.

மழைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரம் பெரிய சிஸ்டருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஐந்து நாள் இருந்தார். கடைசி நாள் காலை வெள்ளனே என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். பேச்சு நின்றுபோயிருந்தது, என்னைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அடக்கத்துக்குப் பேத்துப்பாறையிலிருந்து இரண்டு ஜீப் நிறையச் சனம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பூட்டு மாட்டிய அறையில் அவர் இறந்தார், சாவி வைத்திருந்தவள் நான் என்பதுதான் மனதில் நின்றது. அது இன்றுவரை இருக்கிறது.

என் கணவருக்குச் சர்க்கரை இறங்கி, மதுரைக்குக் கூட்டி வரச் சொன்னது அடுத்த மாதம். அவருடைய பழைய சேக்காளி ஒருவரின் வேனில் பின்சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டுப் படுக்கவைத்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஜன்னல் மட்டத்துக்கு அவர் தலை வராது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேனின் கூரைதான். மலையிறக்கத்தில் முதல் வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறதோ என்று குனிந்தேன்.

"ஏலே, இப்ப எடதுபக்கம் பள்ளம் வரும், ஒதுங்கிப் போ" என்றார், ஓட்டுகிறவரிடம். பள்ளம் வந்தது. "அடுத்த வளைவுல பஸ்ஸு நிக்கும். ரெண்டாவது கியரப் போடு." பஸ் நின்றது.

"அண்ணே, நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டவா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"வாய மூடிட்டு ஓட்டுடா" என்றார் என் கணவர். வத்தலக்குண்டு வரும்வரை ஒரு வளைவைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. ஜன்னலைத் திறந்துவிட்டேன்.